எழுதாத வசனம், ஆயுசுக்கும் ஒரே வேஷம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகர், வள்ளி திருமணம் நாடகத்துல வர்ற தர்க்கமெல்லாம் எழுதி வச்சு மனப்பாடம் பண்றதா இல்ல மேடையில நின்னு அப்பப்ப பேசுறதான்னு கேட்டிருந்தார். பாட்டும் கதையும் பழசு, ஆனா பேச்சுல பெரும்பகுதி அன்னைக்கு ராத்திரி எதிர்ல நிக்கிற ஆளப் பொறுத்துதான் வரும்னு பதில் சொல்லிட்டு, இத்தாலியில இதே மாதிரி கொம்மேதியா தெல்லார்த்தேன்னு ஒரு முகமூடி காமெடி நாடகம் இருந்துச்சுன்னும் ஒரு வரி சேத்திருந்தேன். அந்த ஒரு வரியப் பத்தித்தான் இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதி கேள்வி. மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இந்த தடவ முழுக்க இதையே பேசிருவோம்.

வசனமே எழுதாம மூணு மணி நேரம் எப்டி நாடகம் போட முடியும்? எங்க காலேஜ்ல பத்து நிமிஷ ஸ்கிட்டுக்கே ஆளாளுக்கு முழிக்கிறோம்.
*கல்லூரி மாணவி, மேலூர்*

வசனம் தாம்மா இல்ல, மத்த எல்லாம் இருந்துச்சு. முதல்ல கதைச்சுருக்கம். யாரு எப்ப உள்ள வர்றா, என்ன செய்யணும், எப்ப வெளிய போகணும், எந்த இடத்துல சண்ட, எந்த இடத்துல கடுதாசி கை மாறுது, அம்புட்டும் சில பக்கத்துல எழுதி மேடைக்கு பின்னாடி மாட்டி வச்சிருப்பாங்க. நடிகர் உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துட்டு போவார். ஃபிளாமினியோ ஸ்காலான்னு ஒரு நாடகக்காரர் அந்த மாதிரி 50 கதைச்சுருக்கத்த 1611ல வெனிஸ்ல புத்தகமாவே போட்டார், ஒவ்வொண்ணுக்கும் என்னென்ன சாமான் வேணும்னு லிஸ்ட்டு கூட இருக்கும், லாந்தர், கம்பு, கடுதாசின்னு. ஆனா யாரு என்ன பேசணும்ங்கிறது மட்டும் இருக்காது.

அப்ப பேச்சு எங்கருந்து வருதுன்னா, அங்கதான் விஷயமே இருக்கு. அங்க ஒரு நடிகர் இன்னைக்கு ராஜா நாளைக்கு பிச்சைக்காரன்னு மாத்தி மாத்தி ஆட மாட்டார். பந்தலோனேங்கிற கஞ்சக் கிழவன் வேஷம் எடுத்தா அனேகமா ஆயுசு முழுக்க அவர் பந்தலோனேதான். இருபது வருஷம் ஒரே கஞ்சனா வாழ்ந்தவருக்கு மகனத் திட்டணும்னா நாப்பது விதமா திட்ட வரும், பணம் கேட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்ப நூறு சாக்கு வரும். காதலன் காதலி வேஷக்காரங்க கவிதைங்க படிச்சு மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க, பிரிவுக்கு ஒண்ணு, பொறாமைக்கு ஒண்ணு, சமாதானத்துக்கு ஒண்ணு. ஆளாளுக்கு ஒரு நோட்டு வச்சிருந்தாங்க, நல்ல பேச்சு எங்க கேட்டாலும் எங்க படிச்சாலும் அதுல எழுதி வச்சுக்கிறது. நேப்பிள்ஸ்ல அந்த்ரேயா பெருச்சின்னு ஒருத்தர் 1699ல இந்த கலையப் பத்தி எழுதின புத்தகத்துல இந்த மாதிரி ரெடிமேட் பேச்சுங்க நிறைய குடுத்திருக்கார். நாதஸ்வரக்காரர் ராகம் வாசிக்கும்போது முன்னாடி தாள் வச்சுக்கிறது இல்ல, ஆனா பல வருஷ சாதகம் அந்த ஊதல்ல இருக்குல்ல, அந்த மாதிரி.

அடுத்தது லாட்சி. இது சின்னச்சின்ன காமெடி ஐட்டம், கதைக்கு சம்பந்தம் இருக்கணும்னு அவசியம் இல்ல, ஜனம் அசந்து உக்காந்தா எடுத்து விடுறது. ஈ பிடிக்கிற ஐட்டம் ரொம்ப பிரபலம். அர்லெக்கீனோன்னு ஒரு வேலைக்காரன், எப்பவும் பசி. எசமான் ரெண்டு பேரும் அங்கிட்டு சீரியஸா பேசிட்டு இருக்காங்க, இவன் காதுக்கு ஒரு ஈ சத்தம் கேக்குது. ஈயே கிடையாது, கண்ணும் கழுத்தும் திரும்புறத வச்சுத்தான் ஈ எங்க பறக்குதுன்னு நமக்கு தெரியுது. மெதுவா, மூச்ச அடக்கி, ஒரு எட்டு வச்சு, லபக்குன்னு பிடிச்சு, கைய காதுகிட்ட வச்சு உள்ள இருக்கான்னு கேட்டு, ஒரு ரெக்கைய பிச்சு, அடுத்த ரெக்கைய பிச்சு, வாயில போட்டு ருசிச்சு சாப்பிடுவான். சிரிச்சு முடிக்கும்போதுதான் அந்த பசி எம்புட்டு பெருசுன்னு உறைக்கும். எனக்கு இந்த கலையில ரொம்ப பிடிச்சதே அதான்.

உங்க ஸ்கிட்டுல எல்லாரும் முழிக்கிறதுக்கு காரணம் திறமை இல்லாதது இல்லம்மா. பையில ஒண்ணும் போட்டு வைக்காம மேடையேறி கைய விட்டா என்ன கிடைக்கும்? கடைசி கேள்விக்கு எழுதியிருக்கத பாருங்க, உங்களுக்கும் சேத்துத்தான் அது.

நம்ம ஸ்பெஷல் நாடகத்து பபூனும் இந்த அர்லெக்கீனோவும் ஒரே ஆளா? அங்கருந்து வந்ததா இது?
*நாடக ரசிகர், சோழவந்தான்*

வந்ததுன்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்லங்கய்யா, நான் அப்டி சொல்ல மாட்டேன். பார்சி கம்பெனி நாடகம், அப்புறம் நம்ம ஊர் கூத்து, இதெல்லாம் சேந்துதான் நம்ம மேடை உருவாச்சு. ஆனா தொழில் நடக்குற விதம் ரெண்டுலயும் ஆச்சரியமா பொருந்துது.

உங்களுக்கு தெரிஞ்சதுதான், இருந்தாலும் வெளியூர் வாசகர்களுக்காக சொல்றேன். ஸ்பெஷல் நாடகத்துல கம்பெனின்னு ஒண்ணு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்லருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரு, பபூன் வேற ஊரு, ஆர்மோனியம், மிருதங்கம், டிரம்மும் மத்த சத்தமும் குடுக்குற ஆல்ரவுண்டுன்னு எல்லாரையும் தனித்தனியா அட்வான்ஸ் குடுத்து பிடிப்பாங்க. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்குல மேக்கப் போடும்போதுதான் ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க, விடியிற வரைக்கும் நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின பாட்டும் கதையும் எல்லாருக்கும் பாடம், அவங்கவங்க பார்ட்டு அவங்கவங்களுக்கு ரத்தத்துல ஊறினது, அதான் அந்த ராத்திரிய தாங்கி நிக்குது. இத்தாலிக்காரங்களுக்கும் அடித்தளம் இதேதான். பாக்கப்போனா நம்மாளுங்க வேலை இன்னும் கஷ்டம்ங்கிறது என் அபிப்பிராயம், ஏன்னா அங்க ஒரே குழு வருஷக்கணக்கா சேந்து சுத்தும், யாரு எங்க மூச்சு விடுவாங்கன்னு கூட பழகியிருக்கும், இங்க அந்த வசதி இல்ல.

வித்தியாசம்னு பாத்தா, நம்ம பபூன் கதைக்கு வெளிய நிக்கிற ஆளு. முதல்ல வந்து தனியா பேசி, பாடி, டான்ஸ்காரம்மாவோட வம்பளந்து, ஜனத்த உக்கார வச்சுட்டுத்தான் கதைக்கு வழிவிடுவார். அர்லெக்கீனோ கதைக்கு உள்ள இருப்பான், கடுதாசிய மாத்திக் குடுத்து கதைய சிக்கலாக்குறதே அவன்தான். நம்மாளுக்கு முகமூடி இல்ல, அவனுக்கு கருப்பு தோல் முகமூடி, நெத்தியில ஒரு புடைப்பு, ஒட்டுப்போட்ட கலர் கலர் துணி, இடுப்புல ரெண்டு பட்டை சேந்த ஒரு மரக்கம்பு. அதால அடிச்சா வலிக்காது, சத்தம் மட்டும் படார்னு கேக்கும்.

அந்த முகமூடி எதுல செய்றது? காகிதக் கூழா, மண்ணா, மரமா? ஏன் பாதி மூஞ்சிக்கு மட்டும்?
*பொம்மை செய்பவர், விளாச்சேரி*

அண்ணே, தொழில் தெரிஞ்சவரு கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். தோல்தான். முதல்ல மரத்துல முகத்த செதுக்குறாங்க, அதுதான் அச்சு. நம்ம அச்சு மாதிரி குழியா இருக்காது, மூஞ்சி மாதிரி மேடா இருக்கும். தோல தண்ணியில ஊற வச்சு, ஈரமா இருக்கும்போதே அச்சு மேல போத்தி, கைவிரலால அழுத்தி அழுத்தி மூக்கு மடிப்பு, புருவச் சுருக்கம் எல்லாத்துலயும் இறக்கி, ஓரத்துல ஆணி அடிச்சு நிறுத்திருவாங்க. அப்புறம் கொம்புல செஞ்ச சுத்தியலால பொறுமையா தட்டிக்கிட்டே இருக்கணும், இரும்பு சுத்தி பட்டா தோல் வெட்டுப்பட்டு போகும். காஞ்சதும் அச்ச விட்டு எடுத்து, கண்ணு வெட்டி, ஓரத்த மடிச்சு, சாயம் பூசி மெழுகு தேச்சு மெருகேத்துறது.

இந்த வித்தை நடுவுல கைவிட்டுப் போயிருச்சு. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்புறம் பாதுவா ஊர்ல அம்லேத்தோ சர்த்தோரின்னு ஒரு சிற்பி பழைய முகமூடிகளப் பாத்து, தப்பும் தவறுமா செஞ்சு பாத்து, மறுபடி கண்டுபிடிச்சார். அவருக்கு வேலை குடுத்தது மிலான்ல இருக்க பிக்கோலோ தியேட்டர். 1947ல அவங்க நாடகம் போட்டப்ப நல்ல முகமூடி இல்லாம, அர்லெக்கீனோவா ஆடின மார்செல்லோ மொரெத்தி மூஞ்சியில கருப்பு பூசிக்கிட்டு ஆடினாராம். அப்புறம் சர்த்தோரியோட தோல் முகமூடி வந்து, பழகப் பழக அதை விட மனசே வரலையாம். ஏன்னா தோல் வேர்வைய குடிக்கும், போடுறவர் மூஞ்சிக்கு தகுந்தாப்ல கொஞ்சம் கொஞ்சமா இளகிக் குடுக்கும், காகிதமும் பிளாஸ்டிக்கும் அது செய்யாது. சர்த்தோரிக்கு அப்புறம் மகன் தொனாத்தோ தொடர்ந்தார், அபானோ தெர்மேங்கிற ஊர்ல அவங்க முகமூடிக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு.

பாதி மூஞ்சி எதுக்குன்னா, வாய் ஃப்ரீயா இருக்கணும், பேச்சுதானே பாதி நாடகம். ஆனா நெத்தி, புருவம், கன்னம் எதுவும் அசையாதுங்கிறதால அந்த வேலையெல்லாம் கழுத்துக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் வந்துருது. கண்ணு ஓட்டை சின்னது, பக்கத்துல பாக்கணும்னா தலையவே திருப்பணும். மூக்கு எங்க காட்டுதோ அங்கதான் ஜனமும் பாக்கும். முகமூடிய லேசா கீழ சாச்சா சோகமாத் தெரியும், மேல தூக்கினா சிரிக்கிற மாதிரி தெரியும், செதுக்கும்போதே வெளிச்சமும் நிழலும் அதுக்கேத்த மாதிரி விழுற மாதிரி மடிப்பு வைக்கணும். கொலு பொம்மைக்கு கண்ணு எழுதுற கைக்கு இது நல்லாவே பிடிபடும். மேடையில முகமூடிய கையால தொடக்கூடாதுன்னு இப்ப சொல்லித்தர்றவங்க கண்டிப்பா இருக்காங்க, தொட்டா அது மூஞ்சிங்கிற நம்பிக்கை போய் தோல்னு ஆயிரும்.

காதல் ஜோடிக்கும், கொலம்பீனான்னு வர்ற வேலைக்காரப் பொண்ணுக்கும் முகமூடி கிடையாது.

அவங்களுக்கு சம்பளம் எப்டி? யாராவது உடம்பு சரியில்லாம போனா என்ன செய்வாங்க? எங்கப்பா நாடகத்துக்கு போய்ட்டு நாலு மாசம் படுத்தப்ப கேக்க நாதி இல்ல.
*ஸ்பெஷல் நாடகக் கலைஞரின் மகன், அலங்காநல்லூர்*

தம்பி, உங்க கேள்விக்கு 1545லயே ஒரு பதில் இருக்கு. அந்த வருஷம் பிப்ரவரி 25ந்தேதி, பாதுவாவுல எட்டு பேர் ஒரு நோட்டரி முன்னாடி உக்காந்து பத்திரம் எழுதினாங்க. மாஃபியோங்கிறவர் தலைவர். ஊர் ஊரா போய் நாடகம் போடுறதுக்கு சகோதரங்க மாதிரி ஒரு குழுவா சேர்றோம்னு ஆரம்பிக்குது. இந்த கலை தொழிலா மாறினதுக்கு கிடைச்சிருக்க முதல் பத்திரம் இதுதான், இப்பவும் உலகம் பூரா இந்த கலைக்காரங்க பிப்ரவரி 25த்தான் அவங்க நாளா கொண்டாடுறாங்க.

அந்த பத்திரத்துல இருக்க ஷரத்து ஒவ்வொண்ணும் அடிபட்டவங்க எழுதினதுன்னு படிக்கும்போதே தெரியும். யாருக்காவது உடம்பு முடியாம போனா பொதுப் பணத்துலருந்து பாத்துக்கணும். சம்பாதிக்கிறத ஒரு பெட்டியில போட்டு மூணு சாவி போட்டு பூட்டணும், சாவி மூணும் மூணு பேருகிட்ட, எல்லாரும் ஒத்துக்காம காசு வெளிய எடுக்கக்கூடாது. சாமான் சுமக்க பொதுச் செலவுல ஒரு குதிரை வாங்கணும். நடுவுல ஓடிப்போறவனுக்கு பங்கு கிடையாது, அபராதமும் உண்டு. அவங்களுக்குள்ள காசு வச்சு சீட்டு ஆடக்கூடாது, திங்கிற பண்டத்துக்கு வேணா ஆடிக்கலாம்.

அந்த எட்டு பேரும் பெரிய மனுசங்க யாரும் இல்ல, தெருவுல ஆடிப் பொழச்சவங்க. நம்ம கலைஞர்களுக்கு மதுரையில சங்கம் இருக்கு, அரசாங்கத்துல கலைஞர் நல வாரியமும் இருக்கு. அப்பா பேர அதுல பதிஞ்சிருக்காரான்னு கேளுங்க, இல்லேன்னா இப்பவே பதியச் சொல்லுங்க, நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கும் மனு போடலாம். அட்வான்ஸ் நோட்டு, நாடக நோட்டீஸ், அதுல இருக்க அவரு போட்டோ, எதையும் தூக்கிப் போட்றாதீங்க தம்பி, கலைஞர்ங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

பொம்பளைங்க அதுல நடிச்சாங்களா, இல்ல ஆம்பளைங்கதான் சேலை கட்டி ஆடினாங்களா?
*ஆசிரியை, உசிலம்பட்டி*

மேல சொன்ன எட்டு பேரும் ஆம்பளைங்கதான் டீச்சர். ஆனா இருபது வருஷத்துக்குள்ள மாறிருச்சு. 1564ல ரோமாபுரியில எழுதின ஒரு குழு ஒப்பந்தத்துல சியெனா ஊரு லுக்ரேசியான்னு ஒரு பொம்பளை பேரு இருக்கு. இங்கிலாந்துல ஷேக்ஸ்பியர் காலம் முடிஞ்சு, 1660 வரைக்கும் பொம்பளை வேஷத்துக்கு பசங்கதான். நம்ம மதுரையில சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல தொடங்கின தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும் பாய்ஸ் கம்பெனிதான், அங்கயும் ஸ்திரீபார்ட்டுக்கு பசங்கதான்.

இசபெல்லா அந்த்ரெயீனியப் பத்தி சொல்லாம இந்த கேள்விய முடிக்க எனக்கு மனசு வராது. 1562ல பாதுவாவுல பிறந்தவங்க. ஜெலோசிங்கிற குழுவுல நடிச்சாங்க, புருஷன் ஃபிரான்செஸ்கோ அதே குழுவுல வாய்ச்சவடால் கப்பித்தானோ வேஷம், போருக்குப் போய் அங்க வெட்டினேன் இங்க குத்தினேன்னு அளந்துட்டு ஒரு சத்தம் கேட்டா ஓடுற ஆளு. 1589ல ஃப்ளாரன்ஸ்ல மெதிசி குடும்பத்து கல்யாணம், மாப்பிள்ளை ஃபெர்தினாந்தோ, பொண்ணு பிரான்ஸ்லருந்து வந்த கிறிஸ்டீன். அங்க இசபெல்லா பைத்தியம் பிடிச்ச காட்சி ஒண்ணு நடிச்சாங்க. காதல்ல ஏமாந்து புத்தி பேதலிச்சு ஓடுறாங்க, ஒரு நிமிஷம் ஸ்பானிஷ், அடுத்து கிரேக்கம், அடுத்து இத்தாலியன், கல்யாணப் பொண்ணு சந்தோஷப்படட்டும்னு பிரெஞ்சு பாட்டு ரெண்டு, அதோட விடல, கூட நடிக்கிற அத்தனை பேரு மாதிரியும் பேசிக் காட்டுறாங்க, பந்தலோனே மாதிரி, படிச்சவன்னு அலட்டுற டாக்டர் வேஷம் மாதிரி, வேலைக்காரங்க மாதிரி. அதப் பாத்த பவோனிங்கிறவர் டைரியில எழுதி வச்சிருக்கார். நினைச்சுப் பாருங்க, ஆம்பளைங்க ஆயுசு முழுக்க ஆளுக்கு ஒண்ணா கட்டின வேஷத்த எல்லாம் ஒரே ஆளு, முகமூடி இல்லாம, ஒரே காட்சியில தூக்கிக் காட்டியிருக்காங்க. கவிதைப் புத்தகமும் போட்டாங்க. 1604ல பாரிஸ்லருந்து ஊர் திரும்பும்போது லியோன் நகரத்துல கர்ப்பமா இருந்தப்பவே செத்துப் போனாங்க, நாப்பத்திரண்டு வயசு. புருஷன் அதுக்கப்புறம் மேடையே ஏறல, குழுவ கலைச்சுட்டார்.

அந்த காலத்துல ரோமாபுரியில பொம்பளைங்க மேடையேறக்கூடாதுன்னு போப் 1588ல தடையே போட்டிருந்தார். மத்த ஊர்கள்லயும் நடிகைன்னா ஒரு மாதிரி பேசுற பேச்சு இருந்துச்சு. நம்ம ஊர்ல ராத்திரி நாடகத்துக்குப் போய்ட்டு காலையில பஸ்ல திரும்புற ஸ்திரீபார்ட் அக்காமாருங்கள ஜனம் பாக்குற பார்வை இன்னமும் மாறல. அது மாறணும், மாறியே ஆகணும்.

சர்க்கஸ் கோமாளி, சீட்டுக்கட்டு ஜோக்கர் எல்லாம் இதுலருந்து வந்ததா?
*ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருமங்கலம்*

கோமாளிக்கு சொந்தம் உண்டுப்பா. சீட்டுக்கட்டு ஜோக்கர் 1860கள்ல அமெரிக்காவுல யூக்கர்னு ஒரு ஆட்டத்துக்காக சேத்தது, அது வேற குடும்பம். ஆனா இங்கிலாந்துல பஞ்ச்னு ஒரு கையுறை பொம்மை, கூன் முதுகு, பெரிய மூக்கு, எல்லாரையும் கம்பால அடிக்கும், அது இந்த நாடகத்துல வர்ற புல்சினெல்லாங்கிற நேப்பிள்ஸ் வேஷத்தோட வாரிசு. 1662ல லண்டன்ல இத்தாலிக்கார பொம்மலாட்டத்த பாத்தேன்னு சாமுவேல் பெப்பிஸ் டைரியில எழுதியிருக்கார்.

இத்தாலி பாஷை தெரியாத பிரான்ஸ்காரங்க எப்டி ரசிச்சாங்க? அப்புறம் ஏன் இந்த கலை அழிஞ்சுச்சு?
*ஓய்வு பெற்ற தபால் ஊழியர், செல்லூர்*

இத்தாலிக்குள்ளயே ஒரே பாஷை இல்லங்கய்யா. ஒவ்வொரு வேஷமும் ஒவ்வொரு ஊர்ப் பேச்சு. பந்தலோனே வெனிஸ் வியாபாரி, டாக்டர் பொலோனியா யுனிவர்சிட்டி ஆளு, தப்புத்தப்பா லத்தீன் விடுவார். வேலைக்காரங்க பெர்கமோ மலைப்பக்கத்து பேச்சு, ஏன்னா அங்கருந்துதான் பஞ்சம் பொழைக்க ஜனம் வெனிஸுக்கு மூட்டை தூக்க வந்துச்சு. கப்பித்தானோ பேச்சுல ஸ்பானிஷ் கலந்திருக்கும், அப்ப நேப்பிள்ஸும் மிலானும் ஸ்பெயின் கையில, அந்த பட்டாளத்துக்காரன்மேல இருந்த கோவத்த ஜனம் இப்டி சிரிச்சு தீத்துக்கிச்சு. ஆக, பாதிப் பேச்சு புரியாதவங்க முன்னாடி ஆடித்தான் அவங்களுக்குப் பழக்கமே. உடம்பால சொல்லிப் பழகினவங்களுக்கு பாரிஸ் ஒரு கஷ்டமா? பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் 1658ல பாரிஸ்ல இத்தாலிக் குழுவோட ஒரே தியேட்டர நாள் மாத்தி நாள் பகிர்ந்துக்கிட்டார், ஸ்காரமூஷ் வேஷக்காரர் திபேரியோ ஃபியோரில்லிய பாத்துப் பாத்து அவர் நெறையா கத்துக்கிட்டார்னு அந்த காலத்துலயே பேச்சு இருந்துச்சு. அந்த குழுவ 1697ல பதினாலாம் லூயி ராஜா விரட்டி விட்டுட்டார், அவர் செத்தப்புறம் 1716ல வேற குழு வந்துச்சு.

அழிஞ்சதுக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பல தலைமுறை ஓடினதும் லாட்சி தேஞ்சு போச்சு, அதே அடி, அதே விழுறது. வெனிஸ்ல கார்லோ கோல்தோனி வந்தார், நடிகர் வாயில வர்றதுக்கு பதிலா எழுதின வசனம், முகமூடிக்கு பதிலா நிஜ மூஞ்சின்னு கொஞ்சம் கொஞ்சமா மாத்தினார். அவர் எழுதின ரெண்டு எசமானுக்கு ஒரு வேலைக்காரன்ங்கிற நாடகமே 1745ல அந்தோனியோ சாக்கிங்கிற நடிகருக்காக பாதி கதைச்சுருக்கமா எழுதினதுதான், பின்னாடிதான் முழு வசனத்தோட அச்சு போட்டார். அதுல ஒரு இடம், பிரிச்ச கடுதாசிய மறுபடி ஒட்டணும், வேலைக்காரன் ரொட்டிய மென்னு பசையாக்கப் பாக்குறான், பசியில முழுங்கிருறான். அடுத்த துண்டு. அதையும் முழுங்கிருறான். எழுதின வசனத்துக்குள்ளயும் பழைய லாட்சி உசுரோட உக்காந்திருக்கிறது தெரியுதா? கோல்தோனிக்கு எதிரா கார்லோ கோட்சி 1761ல முகமூடிகள வச்சு மந்திரக்கதை நாடகம் போட்டு வெனிஸயே ரெண்டாக்கினார், கோல்தோனி 1762ல பாரிஸ் போயிட்டார். போன இடத்துல இத்தாலிக் குழு அவர்கிட்ட பழையபடி கதைச்சுருக்கம்தான் கேட்டுச்சு.

என் கணிப்பு, கோல்தோனி இல்லேன்னாலும் அது தேஞ்சிருக்கும், ஆனா அவர் எழுதி வச்சதாலதான் திரும்ப வந்துச்சு. முன்னாடி சொன்ன 1947 மிலான் நாடகம் அவரோட இந்த ரெண்டு எசமானுக்கு ஒரு வேலைக்காரன்தான், இயக்குநர் ஜியார்ஜியோ ஸ்த்ரேலர். மொரெத்தி 1961ல இறந்தப்புறம் வேஷம் ஃபெருச்சியோ சொலேரி கைக்கு வந்துச்சு, எம்பது வயசு தாண்டியும் குட்டிக்கரணம் போட்டு ஆடினார், 2018லதான் நிறுத்தினார். யூடியூப்ல சொலேரி பேரப் போட்டு தேடிப் பாருங்கய்யா, பாஷை புரியலைன்னு ஒரு இடத்துல கூட தோணாது.

எங்க நாடகக் குழுவுல இத முயற்சி பண்ணணும், எங்கருந்து ஆரம்பிக்கிறது? முகமூடி வாங்க காசில்ல.
*கல்லூரி நாடகக் குழு, மதுரை*

முகமூடி இப்ப வேணாம் தம்பிகளா, நடையில ஆரம்பிங்க. பந்தலோனேக்கு முதுகு வளைஞ்சு முழங்கால் மடங்கி, கை எப்பவும் இடுப்புல தொங்குற பணப்பைய தொட்டுக்கிட்டே இருக்கும், தலை மட்டும் கோழி மாதிரி முன்னாடி வரும். கப்பித்தானோ நெஞ்ச தூக்கி காலை அகட்டி வைப்பான். வேலைக்காரன் உடம்பு பாதி குனிஞ்சு, கனம் எல்லாம் கீழ, கால் மட்டும் ஓயாது. ஆளுக்கு ஒரு நடை எடுத்துட்டு மாசக்கணக்குல அதையே நடங்க, மாத்திக்காதீங்க. எல்லாரும் எல்லாத்தையும் செய்யணும்ங்கிற ஆசைதான் முதல்ல குழுவ கெடுக்கும்.

அப்புறம் உங்க ஊர் ஆளுங்களையே பிடிங்க. கீழமாசி வீதியில ஒரு பலசரக்கு மொத்த வியாபாரி, காசு வெளிய வராது. அவர் மகனும் எதிர்க்கடைக்காரர் மகளும் விரும்புறாங்க. எதிர்க்கடைக்காரர் எல்லாத்துக்கும் பழமொழி, மேற்கோள்னு தப்புத்தப்பா எடுத்து விடுறவர். பட்டாளத்துலருந்து வந்தேன்னு அளக்குற ஒருத்தன் அந்த பொண்ண கேட்டு வர்றான். ரெண்டு கடைக்கும் ஒரே லோடுமேன், படிக்கத் தெரியாது, காலையிலருந்து சாப்பிடல, அவன் கையில ரெண்டு கடுதாசி. அம்புட்டுதான் கதை. ஒரு சார்ட்டு பேப்பர்ல யாரு எப்ப வர்றா எப்ப போறான்னு எழுதி சுவத்துல ஒட்டுங்க. வசனம் எழுத உக்காந்தீங்கன்னா அதோட போச்சு. ஒரு நோட்டு மட்டும் போடுங்க, மார்க்கெட்ல, பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில கேக்குற பேச்ச உங்க வேஷத்துக்கு தகுந்த மாதிரி அதுல எழுதிட்டே வாங்க. லோடுமேன் வேஷக்காரர் ஒரு லாட்சியாவது முழுசா தேத்தணும், கையில ஒண்ணுமே இல்லாம ஒரு பரோட்டாவ பிச்சு சாப்பிட்டு காட்டட்டும், சால்னா கையில வழியிறது பின்னாடி வரிசைக்கு தெரியிற வரைக்கும்.

சித்திரை, வைகாசியில சுத்துப்பட்டு கிராமத்து திருவிழாக்கள்ல ஸ்பெஷல் நாடகம் போடுவாங்க, சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ராஜபார்ட் வரட்டும் அப்புறம் போவோம்னு இருக்காதீங்க, பபூன் வர்றப்பவே முன்னாடி போய் உக்காந்துருங்க. அவர் பேசுறத கேக்குறத விட, ஜனத்துல ஒருத்தர் ஏதாச்சும் கத்தினா அத எப்டி வாங்கி திருப்பி விடுறார், அப்ப ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் எந்த இடத்துல ஒரு தட்டு தட்டி தூக்கிக் குடுக்குறாங்கன்னு கவனிங்க. முடிஞ்சா விடியக்காலையில மேக்கப் கலைக்கும்போது போய் பேசுங்க, டீ வாங்கிக் குடுங்க, உங்க நோட்டையும் காட்டுங்க.